செல் சவ்வை ஒரு பொருள் எப்படிக் கடக்கிறது? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

எளிய பரவல், எளிதாக்கப்பட்ட பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல், எண்டோசைட்டோசிஸ். இந்தப் பெயர்களையும் அவற்றின் வரையறைகளையும் மனப்பாடம் செய்துவிட்டு, "சிறுகுடலிலிருந்து குளுக்கோஸ் இரத்தத்துக்கு எப்படிப் போகிறது?" என்று யாராவது கேட்டதும் கை நின்றுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த இடத்தில் நெடுநாள் தடுமாறி நின்றவன்தான். பாடநூல்கள் பெயரை முதலில் சொல்லி, உதாரணத்தைப் பிறகு சொல்கின்றன. ஆனால் ஒரு கேள்வி நம் முன் வரும்போது கையில் இருப்பது ஒரு பொருளும் ஒரு செல்லும்தான். என்ன வகைக் கடத்தல் என்ற பெயர் கடைசியில்தான் கிடைக்கும்.

அதனால் இங்கே பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசை முக்கியம். இரண்டாம் படியை முடிக்காமல் ஐந்தாம் படிக்குத் தாவினால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். ஒரு குறிப்பேடு, மடக்கை தெரிந்த ஒரு கணிப்பான், முடிந்தால் ஒரு பள்ளி நுண்ணோக்கி இருந்தால் போதும். முதல் பொருளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கச் செலவாகலாம். நாலைந்து பொருட்களுக்குப் பிறகு சில நிமிடங்களில் முடித்துவிடுவீர்கள்.

1. பொருளின் குறிப்புத்தாளை முதலில் எழுதுங்கள்

எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரு தாளில் இந்த விவரங்களை நிரப்பாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்: பொருளின் அளவு, அதற்கு மின்னூட்டம் உண்டா, தண்ணீரை நாடுமா கொழுப்பை நாடுமா, செல்லுக்கு உள்ளே எவ்வளவு செறிவு, வெளியே எவ்வளவு, சவ்வின் மின்னழுத்தம் என்ன. கடைசியாக, எந்தச் செல், அந்தச் செல்லின் எந்தப் பக்கம்.

பலரும் தவறவிடுவது அந்தக் கடைசி விவரத்தைத்தான். "குளுக்கோஸ் எப்படிக் கடக்கும்?" என்று மட்டும் கேட்டால் அதற்கு ஒரே விடை கிடையாது. சிவப்பணுவில் ஒரு விதம். குடல் செல்லின் உணவுப் பக்கச் சவ்வில் வேறு விதம். அதே குடல் செல்லின் இரத்தப் பக்கச் சவ்வில் மறுபடியும் வேறு விதம். ஒரே செல்லின் இரண்டு பக்கங்களில் இரண்டு வகைப் புரதங்கள் இருப்பதால்தான் பொருள் ஒரு திசையாகக் குடலைக் கடந்து போக முடிகிறது. தாளின் மேலேயே செல்லின் பெயரையும் பக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

விலங்குச் செல்லுக்கு அடிக்கடி தேவைப்படும் எண்களை இங்கேயே தருகிறேன். தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சோடியம்: வெளியே சுமார் 145 மில்லிமோலார், உள்ளே சுமார் 12. பொட்டாசியம்: வெளியே சுமார் 5, உள்ளே சுமார் 140. குளோரைடு: வெளியே சுமார் 110, உள்ளே சுமார் 10. கால்சியம்: வெளியே 1 மில்லிமோலாரை ஒட்டி, உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நரம்புச் செல் ஓய்வில் இருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் இருக்கும். செல்லுக்குச் செல் இவை மாறும். பயிற்சிக்கு இந்த எண்கள் போதும்.

2. கொழுப்பு அடுக்கு தானாக விடுமா என்று பாருங்கள்

சவ்வின் அடிப்படை பாஸ்போலிப்பிட் இரட்டை அடுக்கு. அதன் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மை கொண்டது. பொருள் அந்த எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேற முடியுமா என்பதுதான் இந்தப் படியின் ஒரே கேள்வி.

ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் போன்ற சிறு வாயுக்கள் தாராளமாகக் கடக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அளவில் பெரியவை என்றாலும் கொழுப்பில் கரைவதால் கடக்கும். எத்தனால் கடக்கும். மின்னூட்டம் இல்லாத சிறு மூலக்கூறுகளான தண்ணீரும் யூரியாவும் கடக்கும், ஆனால் வாயுக்களைவிட மெதுவாக. குளுக்கோஸ் மிக மிக மெதுவாகத்தான் போகும். நடைமுறையில் "விடாது" என்றே எழுதலாம். அயனிகளுக்கு வழி அடைப்பு. புரதம் எதுவும் இல்லாத வெறும் இரட்டை அடுக்கு, சோடியம் அயனியை விடுவதைவிடத் தண்ணீரை சுமார் 100 கோடி மடங்கு எளிதாக விடுகிறது. சோடியம் அயனி அளவில் சிறியதுதான். ஆனால் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு எண்ணெய்க்குள் போக அதற்குக் கட்டுப்படியாகாது. அளவை மட்டும் பார்த்து விடை எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். மின்னூட்டத்தை முதலில் பாருங்கள், அளவை அப்புறம் பார்க்கலாம்.

வலுவற்ற அமிலங்களிலும் காரங்களிலும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமில மாறிலி (pKa, அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெறும் பி.எச்.) சுமார் 3.5. பி.எச். 1.5 உள்ள கரைசலில் அதன் 99 விழுக்காடு மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கும், ஆகவே சவ்வைக் கடக்கும். பி.எச். 7.2 உள்ள செல்லுக்குள் வந்ததும் ஏறக்குறைய எல்லாமே மின்னூட்டம் பெற்றுவிடும், திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே சேரும். அம்மோனியாவுக்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். அதனால் அமிலம், காரம் எதைக் கண்டாலும் இரு பக்கத்து பி.எச். அளவையும் தாளில் எழுதுங்கள்.

இந்தப் படியில் "விடும்" என்று விடை வந்தால் வேலை பாதி முடிந்தது. செல் செலவழிக்கும் ஆற்றல் பூஜ்யம். அந்த வகைக்குப் பெயர் எளிய பரவல். "விடாது" என்றால் எங்கோ ஒரு புரதம் இருக்கிறது, தொடர்ந்து படியுங்கள்.

3. சரிவு எந்தப் பக்கம் என்று கணக்கிடுங்கள்

செலவில்லாமல் பொருள் நிகரமாக எந்தப் பக்கம் போகுமோ அதுதான் அதன் சரிவு. மின்னூட்டம் இல்லாத பொருளுக்கு இது எளிது. செறிவு எங்கே அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் நிகர ஓட்டம். "நிகர" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மூலக்கூறுகள் எப்போதும் இரு திசையிலும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன, சமநிலைக்கு வந்த பிறகும்கூட.

அயனிகளுக்குச் செறிவு மட்டும் போதாது, மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். கேட்கும்போது கடினமாகத் தோன்றும், ஒரே ஒரு எண் தெரிந்தால் கைவந்துவிடும். 37 டிகிரி செல்சியஸில், ஒற்றை மின்னூட்ட அயனிக்கு, 10 மடங்கு செறிவு வேறுபாடு சுமார் 61.5 மில்லிவோல்ட்டுக்குச் சமம். 100 மடங்கு என்றால் 123.

சோடியத்தைப் போட்டுப் பாருங்கள். வெளியே 145, உள்ளே 12, அதாவது 12 மடங்கு. அதன் பத்தடிமான மடக்கை சுமார் 1.08. செறிவு அதை உள்நோக்கித் தள்ளும் அளவு 67 மில்லிவோல்ட். உட்புறம் எதிர்மின் ஆனதால் மின்னழுத்தமும் நேர்மின் சோடியத்தை உள்ளேயே இழுக்கிறது, அது 70. இரண்டும் ஒரே திசை. மொத்தம் 137 மில்லிவோல்ட், உள்நோக்கி.

பொட்டாசியம் 28 மடங்கு உள்ளே அதிகம். செறிவு அதை 89 மில்லிவோல்ட் அளவுக்கு வெளியே தள்ளுகிறது, மின்னழுத்தம் 70 அளவுக்கு உள்ளே இழுக்கிறது. எஞ்சுவது 19 மட்டுமே, வெளிநோக்கி. செறிவை மட்டும் பார்த்திருந்தால் சோடியத்தைவிடப் பொட்டாசியத்துக்குத்தான் சரிவு அதிகம் என்று எழுதியிருப்போம். உண்மையில் சோடியத்தின் சரிவு பொட்டாசியத்தின் சரிவைப்போல் 7 மடங்கு. 137, 19 ஆகிய இரண்டையும் வட்டமிட்டு வையுங்கள். ஐந்தாம் படியில் வேண்டும், கடைசிப் படியிலும் வேண்டும்.

4. புரத வழி எது: கால்வாயா, கடத்தியா?

கால்வாய்ப் புரதம் என்பது திறந்திருக்கும்போது சவ்வின் இரு பக்கத்தையும் இணைக்கும் துளை. ஒரு கால்வாய் வழியே ஒரு விநாடிக்கு 10 கோடி அயனிகள் வரை பாயலாம். கடத்திப் புரதம் அப்படித் திறந்து கிடப்பதில்லை. ஒரு பக்கத்தில் பொருளைப் பிடித்து, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கத்தில் விடும். ஒவ்வொரு முறையும் வடிவம் மாற வேண்டியிருப்பதால் வேகம் மிகக் குறைவு. பொதுவாக விநாடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் மூலக்கூறுகள்.

பரிசோதனைத் தரவு உங்களிடம் இருந்தால் எளிய பரவலையும் கடத்தியையும் பிரிக்க ஒரு நல்ல வழி, செறிவைக் கூட்டிக்கொண்டே போய் வேகத்தை வரைபடமாக்குவது. எளிய பரவலில் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். கடத்தியில் ஓரிடத்தில் வளைந்து தட்டையாகிவிடும், ஏனென்றால் எல்லாக் கடத்திகளும் வேலையில் இருக்கும்போது இன்னும் பொருளைக் கொட்டினாலும் வேகம் கூடாது. குளுக்கோஸ் கடத்திகளில் இது அழகாகத் தெரியும். பல திசுக்களில் உள்ள குளூட்-1 சில மில்லிமோலார் செறிவிலேயே தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டிவிடும். கல்லீரலில் உள்ள குளூட்-2 அதே பாதியை எட்டச் சுமார் 17 மில்லிமோலார் வேண்டும். பட்டினி நேர இரத்தக் குளுக்கோஸ் சுமார் 5 மில்லிமோலார். ஆகவே சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் குளூட்-1 ஏறக்குறைய ஒரே அளவில் எடுக்கும். குளூட்-2 இரத்தத்தில் கூடும்போது கூட்டி எடுக்கும், குறையும்போது குறைத்துக்கொள்ளும். கல்லீரலுக்கு வேண்டியது அதுதான்.

இந்தப் படியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஒன்றுதான். "புரதம் வந்தால் ஆற்றல் செலவாகும்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கால்வாய்கள் எதுவும் ஆற்றல் செலவழித்துப் பொருளைத் தள்ளுவதில்லை. கடத்திகளிலும் குளூட் குடும்பம் போன்றவை சரிவு போகும் திசையிலேயே நிகரமாகக் கடத்துகின்றன. புரதம் உண்டு, செலவு இல்லை. இதற்குத்தான் எளிதாக்கப்பட்ட பரவல் என்று பெயர். செலவு உண்டா இல்லையா என்பதைப் புரதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்றாம் படியில் கண்ட சரிவின் திசையை வைத்து முடிவு செய்யுங்கள். சரிவுக்கு எதிராகப் பொருள் போனால் மட்டுமே யாரோ செலவைக் கட்டுகிறார்கள்.

5. செலவு யார் கணக்கில்?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

நேரடியாகச் செலவு செய்யும் புரதங்களில் முதன்மையானது சோடியம்–பொட்டாசியம் பம்ப். செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றை உடைத்து 3 சோடியத்தை வெளியேயும் 2 பொட்டாசியத்தை உள்ளேயும் நகர்த்துகிறது. இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் 3, ஏன் 2 என்று கேட்டால் மௌனம்தான். வட்டமிட்டு வைத்த எண்களை எடுங்கள்.

சோடியத்தின் 137 மில்லிவோல்ட்டுக்கு எதிராக 1 மோல் சோடியத்தை வெளியே தள்ளச் சுமார் 13.2 கிலோஜூல் ஆகும். (மில்லிவோல்ட்டை 0.0965 ஆல் பெருக்கினால் கிலோஜூல் வரும்.) மூன்றுக்கு 39.6. பொட்டாசியத்தின் 19 மில்லிவோல்ட்டுக்கு எதிராக 1 மோலுக்குச் சுமார் 1.8 கிலோஜூல், இரண்டுக்கு 3.6. மொத்தம் 43 கிலோஜூலை ஒட்டி வருகிறது. செல்லுக்குள் 1 மோல் ஏ.டி.பி. உடைந்தால் கிடைப்பது சுமார் 50 கிலோஜூல். கணக்கு நேராகிறது. மூன்றுக்குப் பதில் 4 சோடியம் என்றால் 56 ஆகிவிடும், ஒரு ஏ.டி.பி. தாங்காது. இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள், 3 என்ற எண் பிறகு மறக்கவே மறக்காது. பாடநூலில் ஏ.டி.பி.க்கு 30.5 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது தரநிலைச் சூழலுக்கான மதிப்பு. செல்லுக்குள் உள்ள செறிவுகளுக்கு மதிப்பு கூடும்.

இந்த ஒரு பம்ப் மட்டுமே பல விலங்குச் செல்களின் ஏ.டி.பி. செலவில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல்களில் இன்னும் அதிகம். இவ்வளவு செலவழித்துக் கிடைக்கும் சோடியம் சரிவை வைத்துத்தான் செல் மற்ற பொருட்களை உள்ளே கொண்டுவருகிறது. அதற்கு இரண்டாம்நிலைச் செயல்மிகு கடத்தல் என்று பெயர்.

இப்போது முதலில் கேட்ட குளுக்கோஸ் கேள்விக்கு வருவோம். குடல் செல்லின் உணவுப் பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற கடத்தி இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்தால்தான் அது வடிவம் மாறும். சோடியம் தன் சரிவில் உள்ளே விழுகிறது, கூடவே குளுக்கோஸைச் சரிவுக்கு எதிராக இழுத்து வருகிறது. அந்த நேரத்தில் அந்தப் புரதம் ஏ.டி.பி.யைத் தொடவே இல்லை. செலவு முன்பே கட்டப்பட்டுவிட்டது, பம்பின் கணக்கில். மேலே உள்ள எண்களையே வைத்தால் 2 சோடியம் தரும் 26 கிலோஜூலால் குளுக்கோஸை 20,000 மடங்குக்கு மேல் குவிக்க முடியும். அது கணக்கின் உச்சவரம்பு. உண்மைச் செல்லில் அவ்வளவு குவிவதில்லை, ஏனெனில் இரத்தப் பக்கச் சவ்வில் இருக்கும் குளூட்-2 வழியே குளுக்கோஸ் சரிவோடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சோடியத்தை அதே இரத்தப் பக்கத்தில் இருக்கும் பம்ப் வெளியே தள்ளுகிறது. மூன்று புரதங்கள், இரண்டு பக்கங்கள், ஒரே இடத்தில் செலவு. விடைத்தாளில் இந்த மூன்றையும் படம் போட்டு, பம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஏ.டி.பி. என்று எழுதுங்கள்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றுவது இந்தக் கடத்தியால்தான். காலரா நச்சு குடல் செல்லின் குளோரைடு கால்வாய்களைத் திறந்துவிட்டு நீரை வெளியே இழுக்கிறது, ஆனால் எஸ்.ஜி.எல்.டி.-1 ஐ அது கெடுப்பதில்லை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் செல் அவற்றை உள்ளே எடுக்கும், தண்ணீர் பின்னாலேயே வரும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் குளுக்கோஸ் 75 மில்லிமோலார், சோடியம் 75 மில்லிமோலார், மொத்த ஆஸ்மோலாரிட்டி (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு) லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். சர்க்கரை அங்கே சுவைக்காகச் சேர்க்கப்படுவதல்ல.

6. தண்ணீருக்குத் தனித் தாள்

தண்ணீரை மற்ற பொருட்களோடு ஒரே தாளில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். தண்ணீரை நேரடியாகத் தள்ளும் பம்ப் செல்லில் இல்லை. கரைபொருட்களை நகர்த்தினால் அது பின்தொடரும், அவ்வளவுதான். அக்வாபோரின் என்ற கால்வாய்கள் உள்ள செல்களில் மிக வேகமாகத் தொடரும்: ஒரு அக்வாபோரின்-1 வழியே விநாடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகின்றன. அவ்வளவு தண்ணீரை விட்டும் அயனிகளை அது விடுவதில்லை.

முதலில் துகள்களை எண்ணுங்கள். சவ்வூடு பரவலில் கரைபொருளின் எடைக்கோ பெயருக்கோ மதிப்பில்லை, துகள் எண்ணிக்கைதான் கணக்கு. உப்பு கரைந்தால் இரண்டு அயனி ஆகும், சர்க்கரை கரைந்தால் ஒரு மூலக்கூறு அப்படியே இருக்கும். அதனால் 0.15 மோலார் உப்பும் 0.3 மோலார் சுக்ரோஸும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தரும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ள 0.9 விழுக்காட்டுக் கரைசலில் சிவப்பணு வீங்காமலும் சுருங்காமலும் இருப்பது இதனால்தான்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அந்தத் துகள்கள் சவ்வைக் கடக்குமா என்று பார்ப்பது. 300 மில்லிமோலார் யூரியாவில் சிவப்பணுவைப் போட்டால் என்ன ஆகும்? துகள் எண்ணிக்கை இரு பக்கமும் சமம், ஆகவே ஒன்றும் ஆகாது என்று எழுதத் தோன்றும். நடப்பது வேறு. யூரியா செல்லுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும், தண்ணீர் அதைத் தொடரும், செல் வீங்கி வெடிக்கும். துகள் எண்ணிக்கை சமமான கரைசல் என்பதும், செல்லின் அளவை மாற்றாத கரைசல் என்பதும் ஒன்றல்ல. "ஐசோடானிக்" (செல்லின் அளவை மாற்றாத கரைசல்) என்று எழுதும் ஒவ்வொரு முறையும், கரைபொருள் உள்ளே போகாது என்பதை உறுதி செய்துவிட்டு எழுதுங்கள்.

இதில் ஈடுபடும் அழுத்தம் சிறியதல்ல. லிட்டருக்கு 300 மில்லி ஆஸ்மோல் வேறுபாடு உடல் வெப்பநிலையில் சுமார் 7.6 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். விலங்குச் செல்லை வெறும் தண்ணீரில் போட்டால் உடைகிறது, தாவரச் செல்லைச் சுவர் காப்பாற்றுகிறது.

7. எந்த வழியும் கொள்ளாத பொருட்கள்

புரதங்கள், கொழுப்புப் புரதத் துகள்கள், பாக்டீரியா போன்றவை கால்வாயிலோ இதுவரை பார்த்த கடத்திகளிலோ கொள்ளாது. சவ்வே உள்மடிந்து அவற்றைப் பையாகச் சூழ்ந்து எடுத்தால் எண்டோசைட்டோசிஸ். உள்ளே இருக்கும் பை சவ்வோடு இணைந்து வெளியே கொட்டினால் எக்ஸோசைட்டோசிஸ். எல்.டி.எல். கொலஸ்டிரால் செல்லுக்குள் வருவது முதல் வழி, இன்சுலின் கணையச் செல்லிலிருந்து வெளியேறுவது இரண்டாம் வழி. இரண்டுக்கும் ஆற்றல் செலவு உண்டு. சரிவு, மின்னழுத்தக் கணக்குகள் இங்கே பொருந்தாது. போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

8. எவ்வளவு நேரம் ஆகும்?

பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தோடு சேர்ந்து கூடுவதில்லை, தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. தண்ணீரில் குளுக்கோஸுக்குக் கணக்குப் போட்டால் 10 மைக்ரோமீட்டர் தூரத்துக்கு, அதாவது ஒரு சாதாரணச் செல்லின் அகலத்துக்கு, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 14 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள். 1 மீட்டருக்கு 26 ஆண்டு.

செல்கள் ஏன் சிறியவை, உடலுக்கு ஏன் இரத்த ஓட்டம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு இந்த நான்கு எண்களையே விடையாக எழுதலாம். ஆய்வகத்தில் திசுத் துண்டு தடிமனாக இருந்தால் ஏன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

9. நுண்ணோக்கியில் பாருங்கள்

சிவப்பு வெங்காயத்தின் ஒரு செதிலை எடுங்கள். அதன் வெளிப்புறத்தில் நிறமுள்ள மெல்லிய தோல் இருக்கும், அதை உரியுங்கள். உட்புறத் தோல் எளிதாக உரியும் என்பதால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், பிறகு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். நிறமி செல்லின் நடுவில் உள்ள நுண்குமிழுக்குள் (வாக்குவோல்) இருப்பதால், நிறமுள்ள தோலில் மட்டுமே சுருக்கம் தெளிவாகத் தெரியும்.

முதலில் தண்ணீரில் வைத்துப் பார்த்து ஒரு படம் வரையுங்கள். செல் முழுக்க நிறம் நிறைந்திருக்கும். பிறகு கண்ணாடி மூடியின் ஓரத்தில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசலை ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். ஓரிரு நிமிடங்களில் நிறப்பகுதி சுவரை விட்டு விலகத் தொடங்கும், 5 முதல் 10 நிமிடங்களில் நன்றாகச் சுருங்கிவிடும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. சுருங்குவது சவ்வும் அதன் உள்ளிருப்பதும்தான், சுவர் அங்கேயே நிற்கும். சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் போன்ற பகுதியில் என்ன இருக்கிறது என்று தேர்வுகளில் கேட்பார்கள். வெளியே விட்ட உப்புக் கரைசல்தான் இருக்கிறது, ஏனெனில் சுவர் அதைத் தடுப்பதில்லை.

உடனே தண்ணீரை அதே முறையில் செலுத்தி மீட்டுவிடுங்கள். உப்பில் நெடுநேரம் விட்டால் செல் இறந்துவிடும், பிறகு மீளாது. மீண்டதா இல்லையா என்பதே சவ்வு உயிரோடு இருந்ததற்கான சான்று. நேரத்தை நிமிடக் கணக்கில் குறியுங்கள். ஒரே செல்லைத் தொடர்ந்து பாருங்கள், பார்வைப்புலத்தை மாற்றினால் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

அளவு ரீதியாகச் செய்ய வேண்டுமானால் உருளைக்கிழங்குத் துண்டுகளும் 0 முதல் 1 மோலார் வரையான சுக்ரோஸ் கரைசல்களும் எடுங்கள். 1 மோலார் என்பது 342 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தத்தை 1 லிட்டருக்குக் கொண்டுவருவது, 1 லிட்டர் தண்ணீரில் போடுவதல்ல. எடை பார்க்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒற்றி எடுங்கள். எடை மாற்றத்தைக் கிராமில் எழுதாமல் தொடக்க எடையின் விழுக்காடாக எழுதுங்கள், ஏனெனில் துண்டுகள் ஒரே எடையில் இருக்காது. வரைபடம் பூஜ்யக் கோட்டை வெட்டும் செறிவே திசுவுக்கு ஈடான செறிவு.

10. ஒரு முழுப் பொருளைத் தனியாகச் செய்து பாருங்கள்

தைராய்டு செல்லுக்குள் அயோடைடு எப்படி வருகிறது? விடையைத் தேடாமல் படிகளை மட்டும் பின்பற்றுங்கள்.

தாளில்: சிறியது, எதிர்மின் அயனி, இரத்தப் பக்கச் சவ்வு, உள்ளே இரத்தத்தைவிட 20 முதல் 40 மடங்கு அதிகம். இரண்டாம் படி: மின்னூட்டம் உண்டு, கொழுப்பு அடுக்கு விடாது. மூன்றாம் படி: 30 மடங்கு என்று வைத்தால் செறிவு 91 மில்லிவோல்ட் வெளியே தள்ளுகிறது. உட்புறம் எதிர்மின் என்பதால் மின்னழுத்தமும் எதிர்மின் அயோடைடை வெளியே தள்ளுகிறது. நம் 70 ஐயே இங்கும் வைத்தால் மொத்தம் 161, வெளிநோக்கி. ஆகவே உள்ளே வருவது சரிவுக்கு எதிரான பயணம். கால்வாய் உதவாது, செலவு கட்டும் கடத்தி வேண்டும்.

யார் கட்டுவது? சோடியத்தின் 137 இருக்கிறது. ஒரு சோடியம் போதுமா? 161க்கு 137 போதாது. இரண்டு என்றால் 274, தாராளம். அந்தச் செல்லில் உள்ள சோடியம்–அயோடைடு கடத்தி ஒரு அயோடைடுக்கு 2 சோடியத்தைத்தான் எடுக்கிறது. பம்பை ஒவாபேன் என்ற நச்சால் நிறுத்தினால், கடத்தியைத் தொடாமலேயே, அயோடைடு சேர்வதும் நின்றுபோகிறது.